சாட் சர்வருக்கும் ஒரு ஏஎம்சி போடுங்கள்

சென்னை, கோவை, பெங்களூரு அலுவலகங்களில் சொந்தமாகச் சாட் சர்வர் வைத்து நடத்தும் ஐடி தலைவர்களுக்கும், அவர்களுடைய பட்ஜெட்டில் கையெழுத்துப் போடும் நிதி அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

உங்கள் அலுவலகத்தில் யுபிஎஸ்ஸுக்கு ஏஎம்சி, அதாவது ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், இருக்கிறது. ஏசிக்கு இருக்கிறது, ஜெனரேட்டருக்கு இருக்கிறது, வாசலில் விரல் வைக்கும் மெஷினுக்குக்கூட இருக்கிறது. வருஷா வருஷம் புதுப்பிக்கிறீர்கள், ஏன் என்று யாரும் கேட்பதில்லை. ராத்திரி ஷிப்டின் ரோஸ்டர் போவதும், கிளையண்டின் கோபம் டீம் லீடிடம் வந்து சேர்வதும், "பிரிண்டர் வேலை செய்யவில்லை" என்று மூன்றாம் மாடி அலறுவதும் எந்த சர்வர் வழியாகவோ, அதற்கு மட்டும் ஒரு பைசா ஒதுக்கீடு கிடையாது. கேட்டால், "அது ஓப்பன் சோர்ஸ்தானே, ஃப்ரீதானே" என்று பதில் வருகிறது.

ஃப்ரீதான், அதன் சோர்ஸ் கோடே யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்து கிடக்கிறது. அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, சொல்லப்போனால் என் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கு இந்த சர்வர்களை நிறுவிக் கொடுத்துப் பார்த்துக்கொள்வது என் தொழில். அந்த மென்பொருளை வருஷக்கணக்காக உயிரோடு வைத்திருப்பவர்களுக்கு உங்கள் பக்கத்திலிருந்து என்ன போகிறது என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் ஓப்பன்ஃபயர் என்ற சாட் சர்வர். நம் ஊர் பிபிஓக்களில், கால் சென்டர்களில், சில மருத்துவமனைகளில்கூட நான் அதிகம் பார்த்தது இதைத்தான். டெஸ்க்டாப்பில் ஸ்பார்க் என்ற சாட் செயலி, பின்னால் ஓப்பன்ஃபயர். ஊழியர்களின் லாகின் பட்டியலை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியோடு சேர்ந்துகொள்ளும், இன்டர்நெட் இல்லாமல் அலுவலகத்தின் உள் நெட்வொர்க்கான லேனுக்குள்ளேயே ஓடும், தகவல் வெளியே போகக் கூடாது என்ற கிளையண்ட் ஒப்பந்தத்துக்கும் சரியாக வரும். ஒரு அலுவலகத்தில் அது சர்வர் ரேக்கில்கூட இல்லை. மேசைக்கு அடியில் ஒரு பழைய டெஸ்க்டாப், அதன் மேல் செலோடேப் போட்டு ஒட்டிய காகிதம்: "ஆஃப் செய்யாதீர்கள்". நிறுவியவர் வேலையை விட்டு சிங்கப்பூர் போய்விட்டார். அட்மின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று தெரிய அரை நாள் ஆனது. அதுவரை அந்தப் பெட்டி ஒரு நாளும் நின்றதில்லை என்று பெருமையாகச் சொன்னார்கள். நிற்காமல் ஓடுவதற்கும் நன்றாக இருப்பதற்கும் சம்பந்தம் இல்லை என்பதற்கு 2023-ல் நடந்ததைச் சொல்கிறேன்.

ஓப்பன்ஃபயரின் நிர்வாகப் பக்கம் 9090, 9091 போர்ட்டுகளில் இருக்கும். முதல்முறை நிறுவும்போது வரும் செட்டப் பக்கங்களுக்கு லாகின் தேவையில்லை. லாகின் இல்லாமல் திறக்கும் அந்தக் கதவு வழியாக ஒருவர் "மேல் ஃபோல்டருக்குப் போ" என்று முகவரியில் புள்ளி புள்ளி போட்டு நிர்வாகப் பக்கங்களுக்குள் நுழைந்துவிடாமல் தடுக்க, எழுதியவர்கள் காவல் போட்டுத்தான் வைத்திருந்தார்கள். அப்புறம், உள்ளே இருக்கும் ஜெட்டி என்ற வெப் சர்வரின் புது வெர்ஷனுக்கு மாறினார்கள். அந்தப் புது ஜெட்டிக்கு, புள்ளியை யூடிஎஃப்-16 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் வேறு மாதிரி எழுதினாலும் புரிந்தது. காவல் பழைய எழுத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தது. 2015 ஏப்ரலில் வந்த 3.10.0-விலிருந்து இந்த ஓட்டை இருந்திருக்கிறது. 2023 மே மாதம் 4.6.8, 4.7.5 வெர்ஷன்களில் அடைத்தார்கள். இடையில் எட்டு வருஷம்.

அடைத்த செய்தி வெளியானதும் தாக்குபவர்கள் வேலையை ஆரம்பித்தார்கள். ஓட்டை வழியாக உள்ளே போய்ப் புதிதாக ஒரு அட்மினை உருவாக்குவது, அந்த அட்மின் பெயரில் லாகின் செய்து ஒரு பிளகினை (சர்வரோடு சேரும் துணை நிரல்) ஏற்றுவது, பிறகு அந்த மெஷினில் கிரிப்டோ தோண்டுவதோ ரான்சம்வேர் போடுவதோ அவரவர் விருப்பம். ஓட்டையை அடைக்கும் பேட்ச் வந்து மூன்று மாதம் ஆன பிறகு, ஆகஸ்டில், வல்ன்செக் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் இணையத்தில் தேடிப் பார்த்தபோது மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஓப்பன்ஃபயர் சர்வர்கள் பேட்ச் போடாமல் திறந்து கிடந்தன.

இதில் யாரைக் குறை சொல்வது? ஜெட்டி போன்ற லைப்ரரியை, அதாவது உள்ளே சேர்த்துக்கொண்ட ஆயத்த நிரலை, புதுப்பித்தது சரியான காரியம்தான். புதுப்பிக்காமல் விட்டிருந்தால் வேறு ஓட்டை வந்திருக்கும். ஒன்றை மாற்றும்போது அதை ஒட்டி இன்னொரு இடத்தில் என்ன அசைகிறது என்று பார்க்க ஆள் வேண்டும், நேரம் வேண்டும். ஓப்பன்ஃபயரை ஆரம்பத்தில் உருவாக்கியது ஜைவ் சாஃப்ட்வேர் என்ற நிறுவனம். அவர்கள் வேறு வழி போன பிறகு இக்னைட் ரியல்டைம் என்ற ஆர்வலர் சமூகம் அதைச் சுமந்துவருகிறது. உலகம் முழுக்க இத்தனை அலுவலகங்கள் நம்பியிருக்கும் ஒன்றை விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான் பார்த்துக்கொள்கிறார்கள். பேட்ச் வந்தது அவர்களால். போடாமல் விட்டது நம் ஆட்கள்.

"எங்களுடையது லேனுக்குள்ளேதான் இருக்கிறது" என்பீர்கள். வீட்டிலிருந்து வேலை என்று வந்தபோது எத்தனை பேர் ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்துவிட்டு, பிறகு மூட மறந்தார்கள் என்று ஒருமுறை உங்கள் நெட்வொர்க் ஆளிடம் கேட்டுப் பாருங்கள்.

சாட் சர்வர் மற்ற சர்வர்கள் மாதிரி இல்லை. வெப்சைட்டுக்கு வருபவர் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். சாட்டில் ஆயிரம் பேர் நாள் முழுக்க இணைப்பைப் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். ஒருவரிடம் நேற்று வந்த செயலி, இன்னொருவரிடம் ஐந்து வருஷப் பழையது. வெளி சர்வர்களோடு பேச அனுமதித்திருந்தால், முன்பின் தெரியாத எவனோ அனுப்பும் எதையும் வாங்கிப் படித்துத்தான் ஆக வேண்டும். படித்துப் பார்த்தால்தானே நல்லதா கெட்டதா என்று தெரியும்? பிரச்சினையே அங்கேதான்.

புரோசடி என்று ஒரு சர்வர் இருக்கிறது. பெயர் கேள்விப்படாதவர்களும் அதைப் பயன்படுத்தியிருப்பார்கள். லாக்டவுனில் பள்ளிகளும் நிறுவனங்களும் அவசர அவசரமாக ஜிட்சி மீட் என்ற வீடியோ மீட்டிங் மென்பொருளை நிறுவினார்களே, அந்த ஒவ்வொரு ஜிட்சிக்குள்ளும் யார் உள்ளே வந்தார், யார் போனார் என்று சொல்லிக்கொண்டிருப்பது புரோசடிதான். 2008-ல் மேத்யூ வைல்ட் தொடங்கியது, லுவா மொழியில் எழுதியது, சின்னக் குழு.

ஓப்பன்ஃபயரைப் போலவே இதுவும் எக்ஸ்எம்பிபி என்ற திறந்த சாட் நெறிமுறையைப் பேசும் சர்வர், அதாவது செய்தியெல்லாம் எக்ஸ்எம்எல் வடிவத்தில் வரும். எக்ஸ்எம்எல்லில் ஒரு பழைய வசதி உண்டு, எதற்கு வேண்டுமானாலும் சுருக்கப்பெயர் வைக்கலாம். 'அ' என்றால் 'சிரிப்பு' என்று வையுங்கள். 'ஆ' என்றால் பத்து 'அ'. 'இ' என்றால் பத்து 'ஆ'. இப்படியே ஒன்பது படி ஏறுங்கள். கோப்பு ஒரு கிலோபைட்கூட இருக்காது, ஆனால் படிக்கிற சர்வர் அதை விரித்தால் நூறு கோடி சிரிப்பு. மெமரி நிரம்பி சர்வர் படுத்துவிடும். லாகின்கூட வேண்டாம், வாசலில் நின்றே அனுப்பலாம். எக்ஸ்எம்பிபி விதிப்படி இந்தச் சுருக்கப்பெயர் விளையாட்டுக்கு இடமே கிடையாது. ஆனால் எக்ஸ்எம்எல்லைப் படித்துக் கொடுக்கும் லைப்ரரி பொதுவானது, அதற்கு எக்ஸ்எம்பிபி விதி என்ன தெரியும்?

2011-ல் புரோசடி 0.8.1-ல் இதைத் தடுத்தார்கள். முடிந்தது என்று நினைப்போம். 2022 ஜனவரியில் அதே நூறு கோடி சிரிப்பு வெப்சாக்கெட் வழியாக வந்தது. பிரவுசரிலிருந்து நேரடியாகச் சாட் செய்ய வசதியாக அந்த வழியைச் சேர்த்திருந்தார்கள். முன்வாசலில் போட்ட பூட்டு அங்கே இல்லை. 0.11.12 அவசரமாக வந்தது. ஒரு ஓட்டையைப் பத்து வருஷத்துக்கும் மேல் கழித்து இன்னொரு முறை அடைக்கும் வேலை யார் கண்ணிலும் படாது. புது வசதி எதுவும் இல்லை, கைதட்டலும் இல்லை, வெளியீட்டுக் குறிப்பில் நாலு வரி. ஆனால் உங்கள் திங்கட்கிழமைக் காலை மீட்டிங் நடந்ததற்கு அந்த நாலு வரிதான் காரணம்.

சில சமயம் மென்பொருளில் ஒரு எழுத்துகூடத் தப்பு இருக்காது, உலகம் மாறும். சர்வரின் அடையாளத்தை உறுதிசெய்யும் டிஜிட்டல் சான்றிதழை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் 2025 மே மாதம் ஓர் அறிவிப்பு விட்டது. அவர்கள் தரும் சான்றிதழ்களில் இதுவரை 'சர்வர்', 'கிளையண்ட்' என்று இரண்டு வேலைக்கும் அனுமதி இருந்தது, 2026 பிப்ரவரி முதல் கிளையண்ட் அனுமதி இருக்காது என்றார்கள். கூகுள் குரோம் போட்ட நிபந்தனை அது. வெப்சைட்டுகளுக்கு இதனால் ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு சாட் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசும்போது, அழைக்கிற சர்வர் அந்த நேரத்துக்கு கிளையண்ட் ஆகிறது. எதிர்முனை "உனக்கு அந்த அனுமதி இல்லையே" என்று இணைப்பை மறுத்தால்? இது பிரவுசர்காரர்கள் மனதில் இருந்திருக்க வாய்ப்பில்லை. எக்ஸ்எம்பிபி சர்வர் எழுதுபவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் நிரல் சான்றிதழை எப்படிச் சரிபார்க்கிறது என்று மறுபடி உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது. பழைய வெர்ஷனிலேயே ஓடும் சர்வருக்கு அந்தத் திருத்தம் வந்து சேராது. 2029 மார்ச்சில் சான்றிதழின் ஆயுள் 47 நாளாகக் குறையப்போகிறது என்பதும் முடிவாகிவிட்டது. வருஷத்துக்கு ஒருமுறை கையால் சான்றிதழ் மாற்றும் வழக்கம் உங்கள் அலுவலகத்தில் இருந்தால், அந்த ஆளை இப்போதே கூப்பிட்டுப் பேசுங்கள்.

இத்தனை வேலைக்கும் காசு எங்கிருந்து வருகிறது?

ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. ஈஜாபர்டி இன்னொரு எக்ஸ்எம்பிபி சர்வர், 2002-ல் அலெக்சேய் ஷெப்பின் எர்லாங் மொழியில் எழுதத் தொடங்கியது. பிரான்சில் புராசஸ்ஒன் என்ற நிறுவனம் பின்னால் நிற்கிறது, சப்போர்ட் விற்றுச் சமாளிக்கிறது. வாட்ஸ்அப்பே இந்த ஈஜாபர்டியை எடுத்துத்தான் ஆரம்பித்தது, பிறகு தனக்கேற்றபடி மாற்றி எழுதிக்கொண்டது. 2014-ல் ஃபேஸ்புக் 1900 கோடி டாலருக்கு வாட்ஸ்அப்பை வாங்குவதாக அறிவித்தது. அப்படி ஒரு வீட்டுக்கு அஸ்திவாரம் போட்ட மென்பொருள் இன்றைக்கும் வாடிக்கையாளர் வாடிக்கையாளராகத் தேடித்தான் தன் செலவைப் பார்த்துக்கொள்கிறது.

எக்ஸ்எம்பிபி மாதிரியே இன்னொரு திறந்த சாட் நெறிமுறையான மேட்ரிக்ஸ் பக்கம் இன்னும் வெளிப்படை. சினாப்ஸ் சர்வரை எழுதும் எலிமென்ட் நிறுவனம் 2023 கடைசியில் அதன் உரிமத்தை, யாரும் எப்படியும் பயன்படுத்த விடும் அப்பாச்சியிலிருந்து, செய்த மாற்றங்களையும் திறந்து தரச் சொல்லும் ஏஜிபிஎல்லுக்கு மாற்றியது. காரணத்தை மறைக்கவில்லை. நாங்கள் எழுதுவதை எடுத்து மற்றவர்கள் பெரிய ஒப்பந்தங்களை வாங்குகிறார்கள், திரும்பி எங்களுக்கு எதுவும் வருவதில்லை என்றார்கள். எனக்கு அந்த முடிவு முழுக்கப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். நிரல் எழுதிக் கொடுப்பவர்களிடம் தனி ஒப்பந்தக் கையெழுத்து கேட்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் கோபம் நியாயமானது. 2025 பிப்ரவரியில் மேட்ரிக்ஸ் அறக்கட்டளை, மார்ச் முடிவதற்குள் ஒரு லட்சம் டாலர் சேராவிட்டால் பிற சாட் வலைகளோடு இணைக்கும் பாலங்களை நிறுத்த வேண்டிவரும் என்று பொதுவில் எழுதியது. பிரெஞ்சு அரசின் ட்சாப், ஜெர்மன் ராணுவத்தின் மெசெஞ்சர் எல்லாம் ஓடுவது மேட்ரிக்ஸ் மீது. அதற்கு ஒரு லட்சம் டாலருக்குத் தட்டேந்த வேண்டியிருந்தது!

"இந்தத் தலைவலியே வேண்டாம், காசு கொடுத்து ஒரு கம்பெனி சாட்டை வாங்கிவிடுகிறோம்" என்று சிலர் சொல்வீர்கள். வாங்குங்கள், சில இடங்களுக்கு அதுதான் சரி. ஹிப்சாட் என்ற அலுவலகச் சாட்டை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதை வைத்திருந்த அட்லாசியன் நிறுவனம் 2018 ஜூலையில் போட்டியாளரான ஸ்லாக்குக்கு விற்றது, 2019 பிப்ரவரியில் சேவை நின்றது. சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளக் காசு கொடுத்து வாங்கிய பதிப்புக்கும் அதே கதிதான். கையில் சோர்ஸ் கோடு இருந்திருந்தால் குறைந்தபட்சம் நாலு பேர் சேர்ந்து தொடர்ந்திருக்கலாம்.

சரி, உங்களிடம் நான் கேட்பது என்ன?

முதலில், உங்கள் சாட் சர்வருக்கு ஒரு சொந்தக்காரரை நியமியுங்கள். பெயரோடு. வெளியீட்டு அறிவிப்புகள் அவருடைய மெயிலுக்கு வரட்டும். பேட்ச் வந்தால் எத்தனை நாளுக்குள் போட வேண்டும் என்று எழுதி வையுங்கள். இதற்குச் செலவு எதுவும் இல்லை, ஆனாலும் பத்தில் எட்டு இடத்தில் இது இல்லை என்பது என் கணிப்பு.

அப்புறம், அந்த ஆளுக்கு மாதத்தில் சில மணி நேரத்தை வெளிப்படையாக ஒதுக்குங்கள். புது வெர்ஷன் வெளிவருவதற்கு முன் சோதனைப் பதிப்பு வரும். உங்களிடம் எழுநூறு பேர் லாகின் செய்யும் பழைய டைரக்டரி இருக்கிறது, எழுதுபவர்களிடம் அது இல்லை. அதில் ஓட்டிப் பார்த்து "இந்த இடத்தில் உடைகிறது" என்று சர்வர் எழுதி வைக்கும் லாகோடு சொல்லுங்கள், அவர்களுக்கு அது பொன். உங்கள் ஆள் ஏற்கெனவே ஒரு பக்கைத் திருத்தி உள்ளேயே வைத்துக்கொண்டிருந்தால், அதைத் திருப்பி அனுப்ப அனுமதி கொடுங்கள். பல இடங்களில் பிள்ளைகள் அனுப்பத் தயாராகத்தான் இருக்கிறார்கள், லீகலிடம் கேட்கப் பயந்து சும்மா இருக்கிறார்கள். லீகலிடம் நீங்கள் ஒருமுறை பேசி ஒரு மெயில் வாங்கி வைத்துவிட்டால் போதும். திருப்பி அனுப்பாத திருத்தத்தை ஒவ்வொரு புது வெர்ஷனிலும் நீங்களேதான் மறுபடி ஒட்ட வேண்டும் என்பதையும் லீகலிடம் சொல்லிவையுங்கள்.

உங்கள் ஆட்கள் எழுதும் தொனியையும் ஒருமுறை பாருங்கள். "எங்கள் புரொடக்‌ஷன் நின்றுவிட்டது, மிக அவசரம், இன்றே சரிசெய்து தரவும்" என்று எழுதுகிறார்கள். எந்த வெர்ஷன், என்ன லாக், எதுவும் இருக்காது. படிப்பவர் ஏதோ ஒரு ஊரில் பகல் வேலையை முடித்துவிட்டு, குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்திருப்பவராக இருக்கலாம். அவர் உங்கள் வெண்டர் கிடையாது. இரண்டாவது நாள் "எனி அப்டேட்?" என்று ஒரு வரி போடுவதை மட்டுமாவது தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள்.

கடைசியாகக் காசு. இங்கேதான் நல்ல மனசு உள்ளவர்கள்கூட மாட்டிக்கொள்கிறார்கள். இந்திய நிறுவனம் வெளிநாட்டு அறக்கட்டளைக்கு ஐந்நூறு டாலர் கொடுக்கலாம் என்று முடிவு செய்தால், இன்வாய்ஸ் எங்கே, ஜிஎஸ்டி எப்படி, டிடிஎஸ் பிடிக்க வேண்டுமா, ஆடிட்டர் சான்றிதழ் எங்கே என்று அக்கவுண்ட்ஸ் கேட்கும். அவர்கள் கேட்பதில் தவறில்லை. ஆனால் அதற்குள் நிதியாண்டு முடிந்துவிடும். 2024 அக்டோபரில் பங்கு வர்த்தக நிறுவனமான ஜெரோதா ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் என்று கட்டற்ற மென்பொருளுக்காகவே ஒரு நிதி தொடங்கியது, ஒரு திட்டத்துக்குப் பத்தாயிரத்திலிருந்து ஒரு லட்சம் டாலர் வரை. அந்த அளவு எல்லோராலும் முடியாது. ஆனால் இந்திய நிறுவனம் ஒன்று இதைச் செய்ய முடியும் என்று உங்கள் நிதி அதிகாரிக்குக் காட்ட அது ஒரு நல்ல உதாரணம்.

எளிய வழி ஒன்று இருக்கிறது. நன்கொடை என்று போகாமல், சேவையாக வாங்குங்கள். ஈஜாபர்டிக்கு புராசஸ்ஒன்னே சப்போர்ட் விற்கிறது. ஓப்பன்ஃபயருக்குத் தொழில்முறையாக உதவுபவர்களின் பட்டியல் இக்னைட் ரியல்டைம் தளத்திலேயே உண்டு. மேட்ரிக்ஸ் அறக்கட்டளை நிறுவனங்களுக்கு உறுப்பினர் கட்டணம் வைத்திருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் இன்வாய்ஸ் வரும். உள்ளூரில் என்னைப் போன்ற ஆளிடம் வேலை கொடுத்தாலும், ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை சேருங்கள்: நாங்கள் செய்யும் திருத்தங்கள் மூலத் திட்டத்துக்குத் திரும்பிப் போக வேண்டும், அதற்கான நேரத்துக்கும் கட்டணம் உண்டு என்று. ரேட் குறைவாகச் சொல்பவர் இந்த வரியைப் பார்த்து முகம் சுளிப்பார். யாரிடம் வேலை கொடுக்கக் கூடாது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

எவ்வளவு? நான் ஒரு தொகை சொன்னால் அதைக் குறைக்கப் பேரம் பேசுவீர்கள். அதனால் சாட் சர்வர் ஒரு முழு நாள் நின்றால் உங்களுக்கு என்ன நஷ்டம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். அதில் பாதியை வருஷத்துக்கு ஒதுக்குங்கள். பட்ஜெட் தாளில் அதை 'ஓப்பன் சோர்ஸ் நன்கொடை' என்று எழுதாதீர்கள், மூன்று கையெழுத்து கேட்பார்கள். 'சாட் சர்வர், ஆண்டுப் பராமரிப்பு' என்று எழுதி, யுபிஎஸ் ஏஎம்சிக்கு அடுத்த வரியில் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சிஸ்டம் அட்மின்,
சென்னை